முதல் உச்சம் தள்ளிப்போவது ஏன்?

கேள்வி: இளங்கலை இயற்பியல் இறுதியாண்டுச் செய்முறை வகுப்பில், பாதரச ஆவியின் ஊடே எலக்ட்ரான்களை முடுக்கி மின்னோட்டத்தை அளக்கும் பிராங்க்–ஹெர்ட்ஸ் சோதனையைச் செய்தோம். பாதரசத்திற்கு 4.9 வோல்ட் என்று படித்திருந்தும், எங்கள் மின்னோட்டம்–மின்னழுத்தம் வரைபடத்தில் முதல் உச்சம் 7 வோல்ட்டை ஒட்டி வந்தது. கருவி பழுதா? ரெக்கார்டு நோட்டில் எதை எழுதுவது?

பதில்: கருவியைப் பழிக்க வேண்டாம், கண்டதையே எழுதுங்கள். எலக்ட்ரான்களை உமிழும் எதிர்மின்வாயும் அவற்றை முடுக்கும் கம்பிவலையும் வெவ்வேறு பொருள்களால் ஆனவை என்பதால், அவற்றிடையே தோன்றும் தொடுகை மின்னழுத்தம் எல்லா உச்சங்களையும் ஏறத்தாழ ஒரே அளவு நகர்த்திவிடுகிறது. ஆகவே முதல் உச்சத்தின் இடத்தை அல்ல, அடுத்தடுத்த உச்சங்களுக்கு இடையிலான தொலைவையே அளக்க வேண்டும். உச்சத்தின் வரிசை எண்ணுக்கு எதிராக மின்னழுத்தத்தைக் குறித்து நேர்கோடு வரைந்தால், அதன் சாய்வு 4.9 வோல்ட்டை நெருங்கும். நகர்வின் அளவும் அதே கோட்டிலிருந்து கிடைக்கும். சாய்வின் பிழை எல்லையையும் சேர்த்து எழுதுங்கள், அதில்லாத விடையைத் தேர்வாளர் மதிக்கமாட்டார்.

குழாயின் வெப்பநிலையையும் குறித்துவையுங்கள். வெப்பம் குறைந்தால் பாதரச ஆவி அடர்த்தியின்றி மோதல்கள் அரிதாகி, உச்சங்கள் மங்கிவிடும்.

இன்னொன்று: 1914இல் இச்சோதனையைச் செய்த பிராங்க்கும் ஹெர்ட்ஸும் 4.9 வோல்ட்டைப் பாதரசத்தின் அயனியாக்க மின்னழுத்தம், அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையானது, என்றே முதலில் கருதினர். அது அணு எலக்ட்ரானை இழக்காமல் உயர் ஆற்றல் நிலைக்குக் கிளர்வுறும் ஆற்றலே என்பதைச் சுட்டியவர் இயற்பியலாளர் நீல்ஸ் போர். அளவீடு சரியாக இருந்ததால்தான் விளக்கத்தைப் பின்னர் திருத்த முடிந்தது.