வகுப்பில் மொத்தமே 20 பேர். நெருங்கிய நண்பனோடு பேச்சு இல்லை. பள்ளி மாறலாமா?

சண்டை எதற்காக என்று நீங்கள் எழுதவில்லை. அடி, மிரட்டல், கூட்டமாகச் சேர்ந்து கேலி என்ற அளவுக்குப் போயிருந்தால் யோசிக்காமல் வீட்டில் சொல்லுங்கள், தேவைப்பட்டால் மாறுங்கள். நான் எழுதப்போகும் எதுவும் அதற்குப் பொருந்தாது. வெறும் மனஸ்தாபம்தான், தினமும் அவன் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் கஷ்டம் என்றால் மேலே படியுங்கள். உங்கள் விஷயம் அதுதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் படித்ததும் அப்படியொரு பள்ளிதான். வகுப்புக்கு ஒரே பிரிவு. பெரிய பள்ளியில் ஒருவனோடு முறைத்துக்கொண்டால் அடுத்த கும்பலோடு சேர்ந்துகொள்ளலாம். எங்களுக்கு அடுத்த கும்பல் என்று ஒன்று கிடையாது.

நண்பனோடு பேச்சு நின்றது பத்தாம் வகுப்பில். அவனிடம் மட்டும் சொன்ன ஒரு வீட்டு விஷயம் மறுநாள் வகுப்பு முழுக்கத் தெரிந்திருந்தது. (யார் மேல் தப்பு என்று யாரும் பஞ்சாயத்து வைக்க வேண்டாம், அவன் மேல்தான்.) ஆனால் வாலிபால் அணிக்கு ஆறு பேர் வேண்டும், எங்களில் ஓரளவு ஆடத் தெரிந்தவர்களே ஆறு பேர்தான். அவன் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன், நான் அடிப்பவன். "வெளியே என்னவோ பண்ணிக்கோங்கடா, உள்ளே ஆடுங்க" என்று விளையாட்டு ஆசிரியர் கைகழுவிவிட்டார். என் பக்கம் திரும்பக்கூட மாட்டான். பந்து மட்டும் வலையை ஒட்டி, நான் குதிக்கும் இடத்துக்குச் சரியாக வந்து நிற்கும். வேண்டுமென்றே தாழ்வாகப் போட்டு என்னை அசிங்கப்படுத்தியிருக்கலாம், செய்யவில்லை. "விடு", "என்னுது" என்று ஆட்டத்துக்குள் ஒற்றைச் சொல்லாகத் தொடங்கியது, மெல்ல வெளியேயும் வந்தது. பழைய நெருக்கம் திரும்பவில்லை. ஆனால் இன்றைக்கும் ஒரு அவசரம் என்றால் போன் போடுகிற ஆள் அவன்.

இது என் ஒருவன் கதை என்று சொல்வீர்கள். ஆனால் 1964-ல் உளவியல் ஆய்வாளர்கள் ரோஜர் பார்க்கரும் பால் கம்ப்பும் அமெரிக்காவின் கான்சாஸ் மாநில உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்விலும், பள்ளி நடவடிக்கைகளில் பொறுப்பான இடங்களில் சின்னப் பள்ளி மாணவர்களே அதிகம் நின்றிருக்கிறார்கள். காரணம் திறமை இல்லை; ஆள் பற்றாக்குறை. 2014-ல் சமூகவியல் ஆய்வாளர் டேனியல் மெக்ஃபார்லண்ட் குழுவினர், ஆள் நிறைய இருக்கும் பள்ளிகளில்தான் தன்னைப் போன்றவர்களோடு மட்டும் ஒதுங்குவதும் மேல் கீழ் பார்ப்பதும் கூடுகிறது என்று காட்டினார்கள். சின்ன இடத்தில் ஒருவனை ஒதுக்கிவைப்பது கட்டுப்படியாகாது.

சின்னப் பள்ளி சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. சின்ன வகுப்பில் வைத்த பட்டப்பெயர் கடைசி நாள்வரை கூடவே வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எனக்கு இன்றும் ஆறாதது வேறு. பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டேன். "ரெண்டு பேருக்காக ஒரு டீச்சர் போடவா?" என்றார்கள். இருந்த பிரிவில் சேர்ந்தேன். அதிலும் கணக்கு ஆசிரியரே இயற்பியலும் எடுத்தார், சந்தேகம் கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்பார். நீங்கள் படிக்க நினைக்கும் பாடம் அங்கே இல்லை என்றால் சொல்லுங்கள், இன்றைக்கே மாறச் சொல்கிறேன். அவனுக்காக என்றால் இந்த வருடம் போகட்டும்.