சின்னக் கம்பனிக்குப் பெரிய விலை: எதை வாங்க வருகிறார்கள்?

கேள்வி: யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஐந்து பேருடன் மென்பொருள் கம்பனி நடத்துகிறேன். தமிழ்க் கையெழுத்தை வாசித்தறியும் மென்பொருள்தான் எங்கள் பொருள். கணினி தயாரிக்கும் வெளிநாட்டுப் பெரிய கம்பனியொன்று எங்களை முழுதாக வாங்கப்போகிறது என்கிறார் ஒரு தரகர். எங்கள் இலாபமோ சொற்பம். சொல்லும் விலை அதைப்போலப் பல மடங்கு. ஏன்? நம்பலாமா?

பதில்: விலையைக் கண்டு சந்தேகப்பட வேண்டாம், தரகரைச் சந்தேகப்படுங்கள்.

கணினிப் பெட்டியை விற்பதில் மிஞ்சுவது குறைவு. சில்லும் (சிப்) திரையும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே இடங்களிலிருந்துதான் வருகின்றன. மற்றவனிடம் இல்லாத ஒன்று பெட்டிக்குள் இருந்தால்தான் கூட்டி விற்கலாம். அதைத் தாங்களே செய்ய வருடக்கணக்காகும் என்றால், செய்து வைத்திருப்பவரை வாங்குவது மலிவு. அப்பிள் 2012இல் கைரேகை உணரி செய்த ஓதென்டெக்கை ஏறத்தாழ 356 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அடுத்த வருடமே ஐபோன் 5எஸ்ஸில் கைரேகைப் பூட்டு வந்தது. சில வேளை வாங்குவது ஆட்களைத்தான்: அப்பிள் 2008இல் வாங்கிய பி.ஏ. செமி கம்பனியின் சில்லு வடிவமைப்பாளர்கள் அப்படி வந்தவர்கள். வாங்கிய பொருள் பிழைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. எச்.பி. 2010இல் 1.2 பில்லியன் டொலருக்குப் பாம் கம்பனியை வாங்கி, 2011 ஆகஸ்டில் அதன் கைபேசிகளையும் பலகைக் கணினிகளையும் கைவிட்டது.

இனித் தரகர். வாங்குபவரின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து உங்களுக்கு நேராகக் கடிதம் வந்ததா? வரவில்லையென்றால் பேச்சே இல்லை. முறையான ஒழுங்கு இதுதான்: முதலில் இரகசியம் காக்கும் உடன்படிக்கை, பிறகு விலையும் நிபந்தனையும் எழுதிய கடிதம், அதன்பிறகே உங்கள் கணக்கையும் மூலநிரலையும் (மென்பொருளை எழுதிய வரிகள்) ஆராய்வது. இதில் எந்தப் படியிலும் ‘பதிவுக் கட்டணம்’, ‘மதிப்பீட்டுச் செலவு’ என்று தரகர் முற்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தரகுக் கூலியின் பெரும்பகுதி விற்பனை முடிந்து பணம் வந்தபிறகே. அற்றோர்ணித் தத்துவமோ (உங்களுக்காகக் கையொப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்), பெயர் நிரப்பாத பங்கு மாற்றப் பத்திரமோ கையொப்பமிட்டுக் கொடுக்காதீர்கள். ‘என்னைத் தவிர வேறு எவருடனும் பேசக்கூடாது’ என்ற ஒப்பந்தத்தில் முடிவுத் திகதி இல்லையென்றால் கிழித்துப் போடுங்கள். ‘காசை உண்டியலில் எடுப்பம்’ என்றால், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்வழியாக என்றால், ஆளை வாசலோடு அனுப்புங்கள். வெளிநாட்டவர் இங்கே பங்கு வாங்கினால் பணம் வங்கியின் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வரவேண்டும். இதை யாழ்ப்பாணக் கிளையில் கேட்டால் கொழும்பைக் கேட்கச் சொல்வார்கள். கொழும்பு கிளையைக் கேட்கச் சொல்லும். எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வேறு வழி இல்லை.

பெரும்பாலான பேரங்கள் சறுக்கும் இடம் வேறு. மென்பொருள் யாருடையது? சம்பளத்துக்கு வேலை செய்தவர் வேலையின்போது எழுதிய நிரல், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கம்பனிக்கு உரியது. ஆனால் கனடாவிலிருக்கும் மச்சான் ‘உதவிக்கு’ எழுதித் தந்த பகுதி? அவர் உங்கள் ஊழியர் அல்ல. அது தன்னுடையது என்று அவர் சொல்ல இடமிருக்கிறது. சொல்லி எழுதுவித்த வேலை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், எழுதுவித்தவருக்கு உரியது என்று அதே சட்டம் சொன்னாலும், உரிமையை மாற்றித் தருகிறேன் என்று அவர் எழுதிக் கையொப்பமிடாதவரை தகராறுக்கு இடமுண்டு. பல்கலைக்கழகப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்து எழுதியதும், துண்டு வேலைக்கு ஆள் பிடித்து எழுதுவித்ததும் இதே கதை. வாங்குபவரின் சட்டத்தரணி முதலில் தோண்டுவது இங்கேதான். ஒருவர் ஒப்பமிட மறுத்தால் விலை குறையும், அல்லது பேரமே நிற்கும். விற்பனைச் செய்தி வெளியே கசிந்த பிறகு மச்சானிடம் போனால் அவரும் பங்கு கேட்பார். ஆகவே இந்த வாரமே நிரலை எழுதிய எல்லோரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஊழியர் அல்லாத ஒவ்வொருவரிடமும் உரிமை மாற்றும் பத்திரத்தில் கையொப்பம் வாங்குங்கள். கம்பனிப் பதிவாளருக்கு அனுப்பாமல் விட்ட ஆண்டு அறிக்கைகள் இருந்தால் அவற்றையும் அனுப்பிவிடுங்கள்.

அவர்களுக்கு வேண்டியது நீங்கள் ஐவரும்தான் என்றால் முழுப் பணமும் ஒரே நாளில் வராது. ஒரு பகுதியை நீங்கள் அங்கே வேலை செய்யும் காலத்தோடு கட்டுவார்கள். அவர்களே உங்களை நிறுத்தினால் அந்தப் பகுதி என்னாகும் என்பதைக் கையொப்பத்துக்கு முன் எழுத்தில் கேளுங்கள்.