டாஷ்போர்டுக்கு முன் ஒரு பட்டியல்

கேள்வி: தேனி மாவட்டத்தில் அறக்கட்டளை நடத்தும் 20 படுக்கை மருத்துவமனை ஒன்றில் நிர்வாக அலுவலராக இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் சர்க்கரை, பிரஷர்காரர்கள். சில ஆண்டுகளாக எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில்தான் பதிகிறோம். ஆனால் பில் போடுவதைத் தாண்டி அந்த விவரங்களை எதற்கும் பயன்படுத்தியதில்லை. இப்போது ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம் 'அனலிட்டிக்ஸ் டாஷ்போர்டு' (பதிவான விவரங்களை அலசிப் படங்களாகக் காட்டும் திரை) தருவதாகச் சொல்கிறது. நோயாளிகளின் விவரங்களைப் பெயர் நீக்கிக் கொடுத்தால் பாதி விலைக்கே தருவார்களாம். ஆபா (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) இணைப்பும் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? டேட்டாவைக் கொடுக்கலாமா?

பதில்: டாஷ்போர்டு இப்போதைக்கு வேண்டாம். பாதி விலைப் பேரமும் வேண்டாம். ஆபா இணைப்பு நல்லதுதான், ஆனால் அது இரண்டாவது வேலை.

முதல் வேலை ஒரு பட்டியல். பிரஷருக்கோ சர்க்கரைக்கோ உங்களிடம் பதிவாகியிருந்து, கடைசி மூன்று மாதத்தில் ஒருமுறைகூட வராதவர்கள் யார் யார்? பெயர், ஊர், போன் நம்பர், கடைசியாக வந்த தேதி, அன்றைக்கு எடுத்த அளவு, இவ்வளவு இருந்தால் போதும். உங்கள் பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து எக்செல்லில் இறக்கிக்கொள்ளலாம், புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஏன் வராதவர்கள்? மருத்துவமனை எப்போதும் வந்தவர்களை மட்டும்தான் எண்ணும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1,000 பிரஷர் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் வந்தவர்கள் 450 பேர். அவர்களில் 300 பேருக்கு பிரஷர் 140/90-க்குக் கீழே, அதாவது கட்டுப்பாட்டில் இருக்கிறது. வந்தவர்களை வைத்து வகுத்தால் 67 சதவீதம், கைதட்டலாம். பதிவானவர்களை வைத்து வகுத்தால் 30 சதவீதம்தான். அந்த நிறுவனம் காட்டப்போகும் வண்ண வண்ண வட்டங்களில் எந்த எண்ணால் வகுத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வந்தவர்கள் எண்ணிக்கையாகத்தான் இருக்கும். பக்கவாதத்தோடு ஆம்புலன்ஸில் வந்து இறங்குபவர் அந்த வட்டத்துக்குள் இருக்கவே மாட்டார்.

இது என் சொந்த யோசனை அல்ல. 2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்), மத்திய சுகாதார அமைச்சகம், மாநில அரசுகள், உலக சுகாதார நிறுவனம் எல்லாம் சேர்ந்து கேரளம், தெலங்கானா, மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், பஞ்சாப் ஆகிய ஐந்து மாநிலங்களில் 25 மாவட்டங்களில் ஆரம்பித்தார்கள். அங்கே ஒரு சுகாதார நிலையத்தின் நோயாளிகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: கட்டுப்பாட்டில் இருப்பவர்கள், வந்தும் கட்டுப்படாதவர்கள், வராமலே போனவர்கள். மூன்றாவது வகையை மறைக்க வழியே இல்லை. அத்திட்டத்தில் பல இடங்களில் பயன்படும் 'சிம்பிள்' என்ற செயலியில் நர்ஸ் பதிவது ரொம்பக் கொஞ்சம். நோயாளி கையில் இருக்கும் அட்டையின் கியூஆர் குறியை ஸ்கேன் செய்வார், பிரஷர், மருந்து, அடுத்து வரவேண்டிய தேதி ஆகியவற்றைப் போடுவார். தேதி தாண்டியவர்கள் தானாகவே ஒரு பட்டியலில் வந்து உட்காருவார்கள், பக்கத்திலேயே போன் செய்யும் பொத்தான் இருக்கும். அனலிட்டிக்ஸ் என்று பெரிய பெயர் வைத்தாலும், கடைசியில் யாருக்குப் போன் போட வேண்டும் என்று சொல்வதுதான் அதன் வேலை.

சரி, பட்டியல் கையில் வந்துவிட்டது. யார் கூப்பிடுவது? கால் சென்டருக்கு விடாதீர்கள். ஓபியில் பிரஷர் பார்க்கும் சிஸ்டரே கூப்பிடட்டும், மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் தினமும் பத்துப் பேர் போதும். "ஐயா, மாத்திரை தீர்ந்திருக்குமே, எங்கே வாங்குறீங்க?" என்று அவர் ஆரம்பித்தால் உண்மை வரும். "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் சமாதானம்தான் வரும். கிடைக்கிற பதிலை நாலைந்து வகைக்குள் அடக்கிக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்: மருந்தை நிறுத்திவிட்டார், வேறு இடத்தில் வாங்குகிறார், வெளியூர் போய்விட்டார், இறந்துவிட்டார், நம்பர் வேலை செய்யவில்லை.

'வேறு இடத்தில் வாங்குகிறார்' என்பதைத் தனி வகையாக வைப்பது நம் ஊரில் முக்கியம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். உங்கள் கணக்கில் காணாமல் போனவர் அவர்கள் கணக்கில் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுபவராக இருக்கலாம். இரண்டு இடத்திலும் வாங்கி இரட்டிப்பாகச் சாப்பிடுபவரும் இருக்கலாம். அது இன்னும் ஆபத்து. டேட்டா பகிர்வு என்றதும் ஏதோ பெரிய சர்வர்களைக் கற்பனை செய்ய வேண்டாம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவ அலுவலரைப் போய்ப் பார்த்து, நோயாளி சம்மதித்தால் அவர் எங்கே, என்ன மருந்து எடுக்கிறார் என்பதைப் பரஸ்பரம் தெரியப்படுத்திக்கொள்வோம் என்று பேசி வைப்பதும் டேட்டா பகிர்வுதான்.

பட்டியலை எடுத்ததும் இன்னொரு சிக்கல் முளைக்கும். ஒரே ஆள் மூன்று பேராக இருப்பார். 'ஆர். முருகன்', 'முருகன் ஆர்', 'முருகன் ராமசாமி'. இனிஷியல் முன்னாலும் பின்னாலும் ஓடும் ஊரில் இதைத் தவிர்க்கவே முடியாது. பிறந்த தேதி பலருக்குத் தெரியாது, கவுன்டரில் இருப்பவர் ஜனவரி 1 என்று போட்டுவிடுவார். போன் நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கும், அதே நம்பரில் அம்மா, அப்பா, சித்தி மூவரும் பதிவாகியிருப்பார்கள். பெயரை மட்டும் வைத்துச் சேர்க்கவும் கூடாது, நம்பரை மட்டும் வைத்துச் சேர்க்கவும் கூடாது. பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், ஊர், ஏறக்குறைய வயது ஆகியவற்றில் குறைந்தது மூன்று ஒத்துப்போனால் 'ஒருவேளை இவரோ' என்று குறித்துவைத்து, அவர் அடுத்த முறை வரும்போது நேரில் கேட்டுச் சேருங்கள். சாஃப்ட்வேர் தானாகச் சேர்த்துவிட்டால், ஒருவருடைய பென்சிலின் அலர்ஜி இன்னொருவர் ஃபைலில் போய் உட்காரும். இந்தச் சலிப்பூட்டும் வேலையைச் செய்யாமல் மேலே எதைக் கட்டினாலும் அது மணலில் கட்டிய சுவர்தான்.

எழுதப்பட்ட அளவுகள் நம்பத் தகுந்தவையா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. பிரஷர் எண்களின் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணுங்கள். டிஜிட்டல் கருவியில் பார்த்தால் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் கிட்டத்தட்ட சமமாக வர வேண்டும். பாதரசக் கருவியில் இரண்டு புள்ளிக்கு ஒரு கோடு என்பதால் இரட்டை எண்கள் மட்டும் வரும், அங்கே ஐந்தில் ஒன்று சைபரில் முடியலாம். உங்கள் பதிவில் பத்தில் எட்டு 120/80, 130/80, 140/90 என்று நின்றால், யாரோ உத்தேசமாக எழுதுகிறார்கள். சிஸ்டரைத் திட்டாதீர்கள். ஒரு மணி நேரத்தில் அறுபது பேரைப் பார்க்கச் சொன்னால் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். கருவியையும் ஆளையும் கூட்டுங்கள்.

எவ்வளவு குறைவான டேட்டா போதும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. காசநோயால் நேரும் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நடக்கிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' அதைக் குறிவைத்தது. நோய் உறுதியானதும் சுகாதாரப் பணியாளர் பார்ப்பது சில விஷயங்கள்தான்: உயரத்துக்கு ஏற்ற எடை (பிஎம்ஐ), காலில் வீக்கம், நிமிடத்துக்கு மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்பது. பிஎம்ஐ 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ, நிற்க முடியாவிட்டாலோ, ஒன்றே போதும், அவரை மேல்சிகிச்சைக்கு அனுப்பிவிட வேண்டும். ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனைகூட இல்லை. திட்டமிட்டவர்கள் ஐசிஎம்ஆரின் சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தினரும் மாநிலக் காசநோய்ப் பிரிவினரும். எடுத்த அளவு ஒவ்வொன்றும் அன்றைக்கே ஒரு முடிவுக்குப் போகிறது பாருங்கள். உங்கள் படிவத்தில் இருக்கும் நாற்பது கட்டங்களில் எத்தனை அப்படிப் போகின்றன? போகாதவற்றை எடுத்துவிடுங்கள், கவுன்டரில் வரிசையாவது குறையும்.

'எந்த நோயாளிக்கு ஆபத்து என்று ஏஐ முன்கூட்டியே சொல்லும்' என்றும் அந்த நிறுவனம் சொல்லியிருக்கும். அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்பட்ட அப்படி ஒரு கருவியைப் பற்றி 2019-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்பதை அக்கருவி சிகிச்சைச் செலவை வைத்துக் கணித்தது. அதே அளவு நோய் இருந்தும் கறுப்பின நோயாளிகளுக்குச் செலவழிக்கப்பட்ட பணம் குறைவு, ஆகவே அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று அது முடிவு கட்டியது. உங்களிடம் இருப்பதும் பில்லிங் டேட்டாதான். மாத்திரை வாங்கக் காசில்லாமல் பாதி அட்டையோடு போகிறவர் அதில் ரொம்ப ஆரோக்கியமாகத்தான் தெரிவார்.

இனி ஆபா. இது 14 இலக்க எண். பலர் நினைப்பதுபோல எல்லோருடைய ரிப்போர்ட்டும் டெல்லியில் ஒரு கம்ப்யூட்டரில் போய்ச் சேருவதில்லை. ரிப்போர்ட் அதை உருவாக்கிய மருத்துவமனையிலேயே இருக்கும். வேறு மருத்துவமனை கேட்கும்போது, நோயாளி தன் போனில் சம்மதம் கொடுத்தால் மட்டும் அங்கே போகும். எந்த ரிப்போர்ட், எத்தனை நாளைக்கு என்று அவர் வரையறுக்கலாம், பிறகு திரும்பப் பெறவும் செய்யலாம். ஆபா கட்டாயமல்ல. எண் இல்லை என்பதற்காக உங்கள் கவுன்டரில் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. முன்பு சொன்ன மூன்று முருகன்களையும் ஒருவராக்க இது உதவும், அதனால்தான் நல்லது என்றேன். ஆனால் நீங்கள் கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பும் எழுபது வயதுக்காரரிடம் போனே இருக்காது. அவர் கையில் ஒரு பக்கச் சுருக்கத்தை அச்சடித்துக் கொடுங்கள்: நோய், தற்போதைய மருந்து, அலர்ஜி, கடைசி மூன்று அளவுகள். மஞ்சள் பைக்குள் இருக்கும் அந்தக் காகிதமும் டேட்டா பகிர்வுதான், அவசரத்துக்கு அதுதான் முதலில் கைகொடுக்கும்.

பாதி விலைப் பேரத்துக்கு வருவோம். 'பெயர் நீக்கிய டேட்டா' என்பதில் பெரிய பாதுகாப்பு கிடையாது. 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் அரசு ஊழியர்களின் மருத்துவ விவரங்களைப் பெயர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்தது. லடான்யா ஸ்வீனி என்ற மாணவி வாக்காளர் பட்டியலை விலைக்கு வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் ஒப்பிட்டு ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே கண்டுபிடித்துவிட்டார். போடிப் பக்கம் ஒரு சின்ன ஊர், 34 வயதுப் பெண், டயாலிசிஸ் என்று எழுதினால் பெயர் எதற்கு? ஊருக்கே தெரியும்.

சட்டமும் வந்துவிட்டது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வருகின்றன. எதற்காக டேட்டா வாங்குகிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும், அதை நோயாளி தமிழில் படிக்க வழி இருக்க வேண்டும். சிகிச்சைக்கென்று கொடுத்ததை வியாபாரத்துக்குத் திருப்ப அந்தச் சம்மதம் செல்லாது. கசிவு அந்த நிறுவனத்தின் சர்வரில் நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியது மருத்துவமனைதான். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அறக்கட்டளை என்பதால் விலக்கு என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

முழு விலை கொடுத்து வாங்குவதென்றாலும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி வேண்டும். நீங்கள் விலகும் நாளில் எல்லா விவரங்களையும் எக்செல்லில் திறக்கும் வடிவில் திருப்பித் தர வேண்டும் என்பது ஒன்று. தினசரி பேக்கப், அதில் ஒரு பிரதி நெட்டோடு தொடர்பில்லாத இடத்தில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) முடக்கியபோது ஓபி சீட்டிலிருந்து லேப் ரிப்போர்ட் வரை பல நாட்கள் கையால் எழுதினார்கள். அவ்வளவு பெரிய மருத்துவமனைக்கே அந்தப் பாடு. அதனால் பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து நாலு நோயாளிகளின் ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதற்கு அவர்கள் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.