இரண்டு இராசா வந்தும் தோல்வி

கேள்வி: கனடா மச்சான் 'ஸ்டட் ஹை-லோ' போக்கர் பழக்கினார். ஆளுக்கு 7 காட்ஸ். பந்தயம் பெரிய கைக்கும் சின்னக் கைக்கும் பாதி பாதி. இரண்டு இராசாவோடு தொடங்கியும் தோற்கிறேனே? – வாசகர், கல்முனை

பதில்: தம்பி, பிழையே அந்த இராசாக்கள்தான். அவை பெரும்பாலும் பெரிய கைப் பாதிக்குத்தான் உதவும். எட்டுக்கு மேற்படாத, வெவ்வேறான ஐந்து காட்ஸ் சேர்த்தவர் சின்னக் கைக்குப் போட்டியிடுவார். அதுவே ஆசு முதல் ஐந்து வரை வரிசையாக அமைந்தால் இரண்டு பாதியையும் அள்ளவும் கூடும். தொடக்கத்தில் ஆசு, இரண்டு, மூன்று வந்தால் ஆட்டத்தில் இருங்கள். அப்புறம், மற்றவர்கள் முன்னே திறந்து கிடக்கும் காட்ஸைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியவை அங்கே கிடந்தால் காட்ஸை மடக்கி விலகிவிடுங்கள். கல்லடியில் கையைப் பொத்திப் பிடித்து 304 என்ற காட்ஸ் ஆட்டம் ஆடிய எனக்கு இது பழகவே நாளெடுத்தது. நல்லகாலம், புளியங்கொட்டைப் பந்தயம்!