ரெண்டு மிட்டாய் என்ன செய்யும்?

கேள்வி: சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் என் கணவர், தி.நகர் போனால் தேன் மிட்டாய் வாங்காமல் வருவதில்லை. ரெண்டு மிட்டாய் என்ன செய்துவிடும் என்கிறார்.
- வாசகி, பெரம்பூர்

பதில்: செய்யும் அம்மா. மிட்டாயில் பெரும்பாலும் சர்க்கரைதான், வேகத்தைக் குறைக்க நார்ச்சத்தோ புரதமோ கிடையாது, அதனால் அரை மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை விறுவிறுவென்று ஏறிவிடும். கடலை மிட்டாய் கொஞ்சம் மெதுவாக ஏற்றும், ஆனாலும் வெல்லமும் சர்க்கரைதான். ஆசைக்கு ஒன்று என்றால் சாப்பாட்டோடு, சோற்றைக் குறைத்துக்கொண்டு.

அப்புறம் ஒன்று, சில மாத்திரைகளால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி வியர்வை, நடுக்கம் வரலாம். அப்போது இனிப்புதான் மருந்து. நினைவோடு இருந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும்.