சளி உறிஞ்சும் இயந்திரம்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: பக்கவாதம் வந்து, தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தப்பட்டிருக்கும் அம்மாவை அடுத்த வாரம் வெள்ளவத்தை வீட்டுக்கு அழைத்து வருகிறோம். சளி எடுக்க சக்ஷன் இயந்திரம் வாங்கச் சொன்னார்கள். கடையில் இரண்டு காட்டினார்கள். விலை குறைந்ததில் இழுவிசை அதிகமாம். மற்றையதில் பற்றரி இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: பற்றரி உள்ளதையே வாங்குங்கள். 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9 அன்று இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றபோதோ, முன்கூட்டிச் சொல்ல எவருமில்லை. குழாயில் சளி அடைத்துவிட்டால், மின்சாரம் வரும்வரை அம்மாவால் காத்திருக்க முடியாது.

இழுவிசை அதிகம் என்ற பேச்சில் மயங்க வேண்டாம். பெரியவர்களுக்குப் பொதுவாக 80 முதல் 120 மில்லிமீற்றர் பாதரச அளவே போதும். 150ஐத் தாண்டினால் மூச்சுக்குழாயின் உட்சவ்வு புண்பட்டு இரத்தம் கசியலாம். அம்மாவுக்குரிய அளவை வைத்தியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் வைத்தால் இயந்திரம் அங்கேயே நிற்கிறதா என்பதுதான் முக்கியம்.

அதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் ஓடவிடச் சொல்லுங்கள். உறிஞ்சும் குழாயின் நுனியைப் பெருவிரலால் அடைத்து, குமிழை மெல்லத் திருப்புங்கள். இழுவிசை காட்டும் முள் 100க்கு ஏறி அசையாமல் நிற்க வேண்டும். விரலை எடுக்காமலே முள் இறங்கினால் எங்கோ காற்று ஒழுகுகிறது. முதலில் போத்தல் மூடியின் றப்பர் வளையத்தைப் பாருங்கள். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரை உறிஞ்சவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

போத்தலுக்கும் மோட்டருக்கும் இடையில் சிறிய வட்ட வடிகட்டி ஒன்று இருக்கும். அது நனைந்துவிட்டால் மோட்டர் இரைந்துகொண்டே இருக்கும், சளி மட்டும் வராது. இரண்டு மூன்று உதிரி வடிகட்டிகளைக் கையோடு வாங்குங்கள். இன்னொரு நோயாளி பாவித்த இயந்திரம் மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். உள்ளே என்ன ஊறியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

உத்தரவாதக் காலத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

ஒன்று மட்டும் கடையில் கிடைக்காது. அம்மா வார்டில் இருக்கும்போதே, தாதி பக்கத்தில் நிற்க, உங்கள் கையால் சளி எடுத்துப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 விநாடிக்குள் உறிஞ்சும் குழாயை வெளியே எடுத்துவிட வேண்டும்.