மச்சான் சொன்ன பங்கும் அடகுக்குப் போன வளையலும்

கேள்வி: மனைவியின் அண்ணன் சொன்னதைக் கேட்டு, மும்பை பங்குச் சந்தையில் உள்ள ஒரு சின்ன கம்பெனியில் 20 ரூபாய்க்கு 5,000 பங்கு வாங்கினேன். மூன்று மாதத்தில் 80 ஆனது. மனைவியின் நகையை 12% வட்டிக்கு வைத்து, 2 லட்சத்துக்கு இன்னும் 2,500 பங்கு வாங்கினேன். இப்போது 110, தினமும் அப்பர் சர்க்யூட் (ஒரு நாளில் ஏற அனுமதித்த எல்லை). கம்பெனிக்குத் தொழில் எதுவும் இல்லை. ஒரு சோலார் நிறுவனம் ரிவர்ஸ் மெர்ஜரில், அதாவது இந்தச் சின்ன கம்பெனிக்குள் தன்னை இணைத்துக்கொண்டு, உள்ளே வருகிறது, 300 போகும் என்கிறார் மச்சான். மிச்சமிருக்கும் 12 பவுனையும் வைக்கலாமா? தூக்கமே வரவில்லை. (ஈரோடு வாசகர்)

பதில்: ஷெல் கம்பெனி என்றால் என்ன என்று உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. தொழில் இல்லாத வெறும் கூடு, அதை நீங்களே எழுதிவிட்டீர்கள். ரிவர்ஸ் மெர்ஜர் எல்லாமே மோசடியும் இல்லை. 2002-ல் ஐசிஐசிஐ நிறுவனமே தன் வங்கிக்குள் இணைந்தது. உங்கள் சிக்கல் வேறு. மச்சானிடமிருந்து போன் வந்தால் உங்கள் வீட்டு பீரோ திறக்கிறது. அவர் தன் வீட்டு நகையை வைத்தாரா என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா?

நீங்கள் அனுப்பிய கம்பெனி அறிவிப்பைப் பார்த்தேன். சோலார்காரர்களுக்கும் வேறு சிலருக்கும் பிரிஃபரன்ஷியல் அலாட்மென்ட்டில் (தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் ஒதுக்குவது) புதுப் பங்கு கொடுத்த பிறகு மொத்தம் 5 கோடி பங்கு. 110 ரூபாய் என்றால் கம்பெனியின் மதிப்பு 550 கோடி. அந்த சோலார் நிறுவனத்தின் போன வருட லாபம் 60 லட்சம். அதாவது மதிப்பு, லாபத்தைப் போல் 900 மடங்குக்கு மேல்! புதுப் பங்கு வாங்குகிறவர்களில் புரொமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருப்பவர்) அல்லாதவர்களுக்கு லாக்-இன், அதாவது விற்கக் கூடாத காலம், ஆறு மாதம்தான். அது முடிகிற அன்று அவர்களுக்கு வாங்க ஆள் வேண்டும். 300 என்ற கதை யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று இப்போது புரிகிறதா?

அப்பர் சர்க்யூட்டில் விற்கிறவன் ராஜா, ஆர்டர் போட்டதும் விற்றுவிடும். காற்று திரும்பினால் கதை வேறு. பத்து நாள் தொடர்ந்து 5% லோயர் சர்க்யூட் (ஒரு நாளில் இறங்க அனுமதித்த எல்லை) என்றால் 110 என்பது 66 ஆகும். அந்தப் பத்து நாளும் உங்கள் ஆர்டர் வாங்க ஆளில்லாமல் வரிசையில் நின்று சாயங்காலம் ரத்தாகும். இதைவிட மோசமும் நடந்திருக்கிறது. 2017 ஆகஸ்ட்டில் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி, ஷெல் என்று சந்தேகித்த 331 நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அவற்றின் பங்குகளில் மாதம் ஒரே நாள்தான் வர்த்தகம் என்றானது. சில கம்பெனிகள் தீர்ப்பாயம் போய் அந்த உத்தரவுக்குத் தடை வாங்கின. மற்றதில் மாட்டியவர்களுக்கு அடகு வட்டி மட்டும் மாதம் தவறாமல் ஓடியிருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். 2,500 பங்கை 110-க்கு விற்றால் 2.75 லட்சம். முதலில் வாங்கியதே (20 ரூபாய்ப் பங்கு) முதலில் விற்றதாகக் கணக்கு, எனவே லாபம் 2.25 லட்சம். குறுகிய கால வரி 20%, செஸ் சேர்த்து சுமார் 47,000. கையில் 2.28 லட்சம் நிற்கும். அடகு அசலும் வட்டியும் அதில் அடங்கும். மீதி 5,000 பங்கு? அதையும் விற்கத்தான் சொல்வேன். மனசு வராவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள், போனால் போகட்டும் என்ற எண்ணத்தோடு. 12 பவுன் பீரோவிலேயே இருக்கட்டும்.

திங்கட்கிழமை விற்றால் அடுத்த வேலை நாளில் பணம் வந்துவிடும். அடகுக் கடைக்கு மனைவியையும் கூட்டிப்போங்கள். அவர் நகை, எடை சரியா என்று அவரே பார்க்கட்டும்.